மகப்பேறின்மையும் மருத்துவ முறைகளும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

தமிழில் 'மலடி' என்னும் சொல் பெருவழக்கு உடையது. அதற்கு இணையான 'மலடன்' என்னும் ஆண்பாற் சொல்லும் அகராதியில் உண்டு. ஆயினும் அதனைத் திண்ணைப் பேச்சிலோ தெருச் சண்டையிலோ கேட்டவர் மிகச் சிலரே. ஒரு குறைக்கு இருபாற் பெயர்களையும் படைத்துவைத்த மொழியை, அவற்றுள் ஒன்றை மட்டுமே எடுத்து நாம் நாளும் புழங்கி வருகிறோம்.

மகப்பேற்றைப் போற்றும் மரபு நம்மிடம் பழைமையானது. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றுப் பாட்டு அதற்குச் சான்றாகும். வள்ளுவரும் ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரம் மணக்குடவரிடத்தில் 'மக்கட்பேறு' என்றும் பரிமேலழகரிடத்தில் 'புதல்வரைப் பெறுதல்' என்றும் தலைப்புப் பெற்றமை தமிழ் மாணவர் அறிந்ததே. (இத்தலைப்பு வேறுபாட்டுக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.) இவை பிள்ளைச் செல்வத்தைப் பாடுகின்றனவேயன்றிப் பிள்ளையில்லாப் பழியைப் பெண்மேல் மட்டும் ஏற்றவில்லை. அந்தப் பணியை ஊர்ப்பேச்சு ஏற்றுக்கொண்டது. அப்பேச்சின் விளைவு சொல்லோடு நிற்பதில்லை. மருத்துவமனையில் யாரை முதலில் சோதிப்பது, எந்தச் சிகிச்சையை முதலில் தொடங்குவது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. இக்கட்டுரை சிகிச்சை முறைகளை ஒப்பிட முற்படுவது இந்தக் கோணத்திலிருந்தே.

வட்டாரமும் அதன் வாழ்க்கையும்

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. 1995 இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001 இல் பிரிந்த அரியலூர், 2002 இல் மீண்டும் அதனோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் மானாவாரி நிலம் ஒருபுறம். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் மறுபுறம். இவற்றுக்கு அப்பால் இவ்வட்டாரத்திற்கு ஒரு மூன்றாவது வருவாய் உண்டு. அதுவே அயல்நாட்டுச் சம்பாத்தியம். வெள்ளாற்றங்கரையிலுள்ள லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வீட்டுக்கு ஒருவரேனும் வளைகுடா நாட்டில் உழைத்தவராகவோ உழைப்பவராகவோ இருப்பதைக் காணலாம். செந்துறை, ஆண்டிமடம் பகுதிச் சிற்றூர்களிலிருந்தும் சமய வேறுபாடின்றி இளைஞர் கடல் கடக்கின்றனர்.

மணமாகி இரண்டு திங்களில் கணவன் விமானம் ஏறுகிறான். இரண்டாண்டு ஒப்பந்தம்; முடிந்ததும் இரண்டு திங்கள் விடுப்பு. இதுவே பல இல்லறங்களின் கால அட்டவணை. மகப்பேறின்மை குறித்த பாடநூல்கள் கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளன. அந்நூல்கள் கூறும் கணக்கை நம் வட்டாரத்திற்குப் பொருத்தும்போது வேறு விடை வருகிறது.

எட்டு ஆண்டா, எட்டுத் திங்களா?

தடை ஏதும் கையாளாது பன்னிரண்டு திங்கள் இயல்பாகக் கூடி வாழ்ந்தும் கருத்தரிக்காத நிலையையே உலக நலவாழ்வு நிறுவனம் மகப்பேறின்மை என்கிறது. வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்நிலைக்கு ஆளாவோர் ஆறு பேரில் ஒருவர் என்பது அந்நிறுவனம் 2023 இல் வெளியிட்ட மதிப்பீடாகும். ஆகவே இஃது அரிதான குறையன்று.

கருமுட்டை வெளிப்பட்டபின் ஒரு நாள் அளவே உயிர்ப்புடன் இருக்கும். விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிர்வாழ வல்லது. எனவே ஒரு மாதச் சுழற்சியில் கருவுறத் தக்க காலம் ஏறத்தாழ ஆறு நாள்கள். அறுபது நாள் விடுப்பில் இத்தகைய வாய்ப்பு இரண்டு முறை வாய்க்கும். மாதவிலக்கு ஒழுங்கற்ற பெண்ணுக்கு ஒருமுறையே வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம்.

மணமாகி எட்டு ஆண்டுகள் கழிந்த ஒரு தம்பதியரை எண்ணிப் பார்ப்போம். தொடக்கத்தில் இரண்டு திங்கள், பின்னர் மூன்று விடுப்புகளில் ஆறு திங்கள், ஆக எட்டுத் திங்கள். மருத்துவ வரையறைப்படி இவர்களை மகப்பேறற்றோர் என்று இன்னும் சொல்லவே இயலாது. ஊர்க்கணக்கிலோ இவர்கள் எட்டாண்டுப் பழிக்கு ஆளானவர்கள். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கூடிவாழ்ந்த காலம் எட்டுத் திங்களேயாயினும் பெண்ணின் வயது எட்டாண்டு கூடிவிட்டது. பெண் பிறக்கும்போதே தன் கருமுட்டைகள் அனைத்தையும் கொண்டே பிறக்கிறாள். புதியன தோன்றுவதில்லை. முப்பத்தைந்துக்குப் பின் எண்ணிக்கையும் தரமும் விரைந்து குறைகின்றன. ஆதலின் 'இன்னும் பன்னிரண்டு திங்கள் நிறையவில்லை' என்று காத்திருத்தல் இத்தம்பதியர்க்குப் பொருந்தாது. முப்பத்தைந்தைக் கடந்த பெண்கள் ஆறு திங்களிலேயே சோதனைக்குச் செல்லலாம் என்பது மருத்துவ உலகின் பொதுக்கருத்து. பிரிந்து வாழ்வோர் இரண்டாம் விடுப்பிலேயே சென்றால் மிகையாகாது என்பது என் கருத்து.

முதற் சோதனை யாருக்கு?

என் பெரியத்தாவின் மகள் எனக்கு மூத்தவர். அக்கா என்றே அழைப்பேன். அவர் கணவர் சவூதியில் வேலை பார்த்தார். மணமாகிப் பதினோர் ஆண்டுகளில் அக்காவுக்குக் கருப்பையைச் சுரண்டிச் 'சுத்தம் செய்தல்' இருமுறையும், வயிற்றில் துளையிட்டுக் கருவியால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி ஒருமுறையும் நடந்தன. மாத்திரைகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அவருடன் சென்றவர் மாமியார், மச்சான் அயல்நாட்டில். பின்னர் வேறொரு மருத்துவமனையில் ஓர் அம்மையார் தடித்த கோப்பு முழுவதையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் உங்கள் வீட்டுக்காரருடைய அறிக்கை எங்கே?" என்று கேட்டார். அக்காவிடம் விடையில்லை. அடுத்த விடுப்பில் மச்சானுக்குச் சோதனை நடந்தது. ஒரு மில்லி லிட்டரில் இருபது இலட்சம் விந்தணுகூட இல்லை.

விந்துச் சோதனை கத்தியின்றி, ஊசியின்றி, ஒரு முற்பகலில் முடிவது. செலவும் சில நூறு ரூபாயே. இரண்டு முதல் ஏழு நாள்கள் உடலுறவின்றி இருந்தபின் மாதிரி தரவேண்டும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, குழந்தை பெற்ற ஆடவருள் அடிமட்ட அளவாகக் கண்டது ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 இலட்சம் அணுக்கள். அவற்றுள் முன்னோக்கி நீந்துவன நூற்றுக்கு 30. இதற்குக் குறைந்தால் பிள்ளை பிறவாது என்பது பொருளன்று. மேலே இருந்தால் பிறந்தே தீரும் என்பதும் பொருளன்று. ஒருமுறை குறைவாக வந்தால் சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்த்தே முடிவுக்கு வருதல் முறை.

குழந்தையின்மைக்குக் காரணம் ஆணிடம் மட்டும் இருப்பதையும், இருவரிடமும் இருப்பதையும் கூட்டினால் ஏறத்தாழப் பாதியாகிறது. இருந்தும் எளிய சோதனையைப் பின்னுக்குத் தள்ளிக் கடினமான சோதனைகளைப் பெண்ணுடலில் முதலில் நடத்துகிறோம். இதற்கு நம் சொல்வழக்கும் ஒரு காரணம். 'ஆண்மை' என்னும் ஒரே சொல்லால் புணர்ச்சி வலிமையையும் கருவூட்டும் திறனையும் குறிக்கிறோம். இரண்டும் வெவ்வேறு. உடல் வலிமையும் இல்லற இன்பமும் குறைவற்ற ஒருவரின் விந்தில் ஓர் அணுவும் இல்லாதிருக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாதவர் சோதனை என்றதும் தம் ஆண்மையையே ஐயுற்றதாக எண்ணிச் சினக்கின்றனர். பேருந்து நிலையத்தருகே விடுதியில் அறையெடுத்து மாதம் ஒருநாள் வந்துபோகும் வைத்தியர்கள் வாழ்வதும் இக்குழப்பத்தால்தான். ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும்: வலிமைக்கென்று போடப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், சிலருக்கு அறவே நிறுத்தும். பிள்ளை வேண்டுவோர் அதனைத் தொடலாகாது.

விந்தகங்கள் உடல்வெப்பத்தினும் சற்றுக் குளிர்ந்த நிலையிலேயே நன்கு இயங்குவன. உலை, சூளை, பற்றவைப்பு ஆகிய வெப்பத் தொழில்கள் அணுக்களைக் குறைக்கக்கூடும். பூச்சிமருந்தும் அவ்வாறே. 1977 இல் கலிபோர்னியாவில் டி.பி.சி.பி. என்னும் நூற்புழுக்கொல்லி செய்த ஆலைத் தொழிலாளர் பலர் விந்தணு இழந்தமை கண்டறியப்பட்டு, அம்மருந்து பின்னர் விலக்கப்பட்டது. பருத்திக் காட்டில் மருந்தடிப்போரும் வளைகுடா வெயிலில் உலோகம் பற்றவைப்போரும் இதனைத் தம் மருத்துவரிடம் தாமாகவே சொல்லுதல் வேண்டும். எல்லா மருத்துவரும் கேட்பதில்லை.

பெண்ணுக்குரிய சோதனைகளைச் சுருக்கமாகவே கூறலாம். கருமுட்டை வெளிப்படுகிறதா என்பதற்கு ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும்; தைராய்டு, புரோலாக்டின் அளவுகள்; கருக்குழாய் திறந்திருக்கிறதா என்பதற்குச் சாய மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே; சினைப்பையின் இருப்பை அறிய ஏ.எம்.எச். சோதனை. நம் நாட்டில் குழாய் அடைபடுவதற்குப் பிறப்புறுப்புக் காசநோய் ஒரு முக்கியக் காரணமாகும். அந்நோய் இருமலின்றி ஓசைப்படாமல் இருந்துவிடும்.

எளிய முறைகள்

மாதவிலக்கு ஒழுங்கற்று, சினைப்பையில் நீர்க்கட்டிகள் எனப்படும் நிலையுள்ள பெண்களுக்குக் கருமுட்டை உரிய காலத்தில் வெளிப்படுவதில்லை. இவர்களுக்கு மாத்திரையே முதன்மை மருத்துவம். உடற்பருமன் உள்ளோர் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 குறைத்தாலே சிலருக்கு மாதவிலக்கு சீராகிறது. குளோமிபீன் என்னும் மாத்திரை 1960களிலிருந்து வழக்கில் உள்ளது. பின்னர் லெட்ரோசோல் வந்தது. அமெரிக்காவில் இவ்வகைப் பெண்கள் 750 பேரிடம் நடத்தி 2014 இல் வெளியிட்ட ஆய்வில், லெட்ரோசோல் உண்டோருள் நூற்றுக்கு 27.5 பேருக்கும், குளோமிபீன் உண்டோருள் 19.1 பேருக்கும் குழந்தை பிறந்தது. இந்தியாவில் 2011 இல் இதனை மகப்பேறின்மைக்குப் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. இன்று இதுவே முதல் மருந்து. செலவு மிகக் குறைவு. ஆயினும் கணவன் ஊரில் இல்லாத திங்களில் இம்மாத்திரையை விழுங்கிவரும் பெண்களை நான் அறிவேன். எதற்கென்று கேட்டால் "நிறுத்தச் சொல்லவில்லையே" என்பர்.

அடுத்தது கருப்பையினுள் விந்து செலுத்துதல்; ஐ.யு.ஐ. என வழங்குவது. விந்தைக் கழுவி, நன்கு நீந்தும் அணுக்களைப் பிரித்து, கருமுட்டை வெளிப்படும் வேளையில் மெல்லிய குழல்வழிக் கருப்பையில் விடுவர். ஒரு கருக்குழாயேனும் திறந்திருத்தலும், கழுவியபின் போதிய அணுக்கள் தேறுதலும் இன்றியமையாதன. ஒருமுறைக்கு வெற்றி வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவிலேயே நிற்கிறது. இதனைச் சொல்லாமல் செய்வதால், முதல் முறையிலேயே பலிக்கவில்லை என்று மனமுடைந்து மருத்துவமனை மாற்றுவோர் பலர். மூன்று நான்கு முறைக்கு மேல் இதனையே தொடர்ந்தால் பயன் குறைவு.

கருக்குழாய்க்கு அறுவை மருத்துவமும் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டோர்க்குக் குழாயை மீண்டும் இணைக்கலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பிள்ளைகளை இழந்த, ஏற்கெனவே கருத்தடை செய்துகொண்டிருந்த தாய்மார்க்கு இவ்வறுவைக்குத் தமிழக அரசு உதவி அறிவித்தமை நினைவிருக்கலாம். நாகை, கடலூர்க் கரையோரப் பெண்கள் பலர் அதனை நாடினர். பெண் இளையவளாகவும் எஞ்சிய குழாய் நீளமாகவும் இருந்தால், சோதனைக்குழாய் முறையைவிட இதுவே மேலானது. ஏனெனில் ஒருமுறை இணைத்துவிட்டால் ஒவ்வொரு திங்களும் ஒரு வாய்ப்பு.

சோதனைக்குழாய் முறை

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரௌன் 1978 சூலை 25 இல் இங்கிலாந்தில் பிறந்தார். எழுபது நாள் கழித்து அக்டோபர் 3 இல் கொல்கத்தாவில் 'துர்கா' என அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. இதனை நிகழ்த்திய மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய. மாநில அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. அவருக்கு இடமாற்றம் தரப்பட்டது. அதுவும் கண் மருத்துவ நிறுவனத்திற்கு. 1981 சூன் 19 இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986 இல் மும்பையில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதற் குழந்தையாகப் பல்லாண்டு எண்ணப்பட்டது. அச்சாதனையில் பங்குகொண்ட அறிவியலறிஞர் டி.சி.ஆனந்தகுமாரே பின்னர் முகோபாத்யாயவின் குறிப்புகளைப் படித்து, முதன்மை அவருக்கே உரியது என 1997 இல் எழுதினார். தனக்கு வந்த புகழைத் தானே இன்னொருவர்க்கு எடுத்துக்கொடுத்த செயல் அது.

இவ்வரலாற்றை ஈண்டு விரித்தமைக்குக் காரணம் உண்டு. முகோபாத்யாய கருவை உடனே கருப்பையில் வைக்கவில்லை. உறைநிலையில் காத்து, வேறொரு மாதச் சுழற்சியில் வைத்தார். அன்று உலகில் எவரும் இவ்வழியில் குழந்தை பிறக்கச் செய்ததில்லை. இன்று எங்கும் நடைபெறும் இம்முறை, கணவன் அயல்நாட்டிலிருக்கும் குடும்பத்திற்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

ஐ.வி.எஃப். எனப்படும் இம்முறையில் மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டுப் பல கருமுட்டைகளை ஒருசேர முதிரச் செய்வர். இறுதி ஊசி போட்டு 36 மணி நேரமளவில் மயக்க மருந்து தந்து அவற்றை எடுப்பர். ஆய்வகத் தட்டில் விந்தணுக்களோடு சேர்த்து வைத்து, உருவான கருவை மூன்றாம் அல்லது ஐந்தாம் நாள் கருப்பையில் வைப்பர், அல்லது உறையவைப்பர். விந்தணு மிகக் குறைவாயின் ஓர் அணுவை எடுத்து நேரே முட்டைக்குள் செலுத்துவர். இக்சி என்னும் இந்நுட்பம் 1992 இல் பெல்ஜியத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. விந்தில் அணுவே இல்லாதோர்க்கும் விந்தகத்திலிருந்து ஊசியால் எடுத்துப் பயன்படுத்தும் வழி உண்டு. ஆண்குறைக்கு இதனினும் பெரிய மருத்துவ முன்னேற்றம் வந்ததில்லை. ஆனால் அணுக்கள் இயல்பாக உள்ள இடத்தில் இக்சியால் கூடுதல் பயன் இல்லை என வியட்நாமில் நடத்தி 2021 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆதலின் 'எங்களுக்கு இக்சி எதற்காக?' என்று கேட்கும் உரிமை தம்பதியர்க்கு உண்டு. கருப்பை உட்சுவரைக் கீறிவிட்டால் கரு நன்கு ஒட்டும் என்பதும் 2019 இல் வெளியான பெரிய ஆய்வில் மெய்ப்படவில்லை; இன்றும் கட்டணப் பட்டியலில் அதனைக் காணலாம்.

வெற்றி வாய்ப்பை வயதே பெரிதும் தீர்மானிக்கிறது. பிரித்தானிய ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கில், தன் கருமுட்டையைக் கொண்டே சிகிச்சை பெறும் 35 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு, வைக்கப்படும் கருக்கள் மூன்றில் ஒன்று அளவுக்குக் குழந்தையாகிறது. 43, 44 வயதில் இருபதில் ஒன்று அளவே. நம் ஊர் விளம்பரப் பலகைகளில் வயது எழுதப்படுவதில்லை. இரட்டைக் கருவும், மிகை ஊசியால் வயிற்றில் நீர் கோத்தலும் இம்முறையின் இடர்கள். தனியார் மருத்துவமனையில் ஒருமுறைச் செலவு இலட்சத்தைக் கடக்கும். அக்காவும் மச்சானும் மனைக்கட்டு ஒன்றை விற்று இருமுறை இக்சி செய்துகொண்டனர். அப்போது அக்காவுக்கு வயது முப்பத்தெட்டு. இருமுறையும் கரு தங்கவில்லை. முதல் ஆண்டுகளிலேயே மச்சானின் அறிக்கை கையில் இருந்திருந்தால் முப்பதுக்குள் அவ்விரு முயற்சிகளும் முடிந்திருக்கும். பலித்திருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. வாய்ப்பு மிகுதியாக இருந்திருக்கும் என்பது மட்டும் உறுதி. அறிக்கை வந்த பிறகும் ஊர் தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. மச்சானை எவரும் எப்பெயரிட்டும் அழைத்ததில்லை.

நம் இரு மாவட்டத்தாரும் உயர் சிகிச்சைக்குத் திருச்சிக்கோ தஞ்சைக்கோ சென்னைக்கோ செல்பவர்களே. அரியலூருக்கு இருப்புப்பாதையும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. பெரம்பலூருக்குப் புகைவண்டி இன்னும் எட்டவில்லை. ஊசிக் காலத்தில் ஒன்றுவிட்ட நாள் ஸ்கேனுக்குப் பேருந்தில் போய்வரும் அலைச்சலையும் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அண்மை ஆண்டுகளில் அரசே கருத்தரிப்பு மையம் தொடங்கியிருப்பது வசதியற்றோர் அறியத்தக்க செய்தி.

சட்டமும் சமயமும்

இத்துறைக்கு நெடுங்காலம் தனிச்சட்டம் இல்லை. 2021 இல் இயற்றிய உதவிபெறு இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெறாத மையம் இச்சிகிச்சை அளிக்கலாகாது. பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என வயது வரம்பு உண்டு. இருவர் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். கரு வைக்கப்படும்வரை ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். கருமுட்டை தானம் ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறையே செய்யலாம். 2022 இல் ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பலமுறை விற்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது, சட்டம் எவ்வளவு காலம் தாழ்ந்து வந்தது என்பது விளங்கிற்று.

சமயப் பெரியோர் எழுப்பும் வினா ஒன்று உண்டு: இது கூடுமா? எகிப்தின் அல்அஸ்ஹர் 1980 இலும், அம்மானில் கூடிய பன்னாட்டு இசுலாமியச் சட்டக் கழகம் 1986 இலும் இதற்கு விடை கூறியுள்ளன. மணவுறவு நிலைத்திருக்கும் காலத்தில், கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் மனைவியின் கருப்பையுமாக அமைந்தால் சோதனைக்குழாய் முறை தடையன்று. மூன்றாமவர் விந்தோ முட்டையோ கருப்பையோ நுழையலாகாது. மணமுறிவுக்கோ இறப்புக்கோ பின் உறைநிலைக் கருவைப் பயன்படுத்துவதும் இதனால் விலக்கப்படுகிறது. ஆகவே தானப் படிவங்களில் கையொப்பமிடும்முன் இன்னது எழுதியிருக்கிறது என்று படித்தறிதல் கடமை.

மணக்குடவர், பரிமேலழகர் தலைப்பு வேறுபாட்டுக்கு இப்போது வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்கு அரியலூர் மாவட்டத்தில் பெண் குழந்தைகள் 897 பேரே இருந்தனர். தமிழகத்தின் மிகத் தாழ்ந்த அளவுகளுள் அஃதொன்று. கருவைத் தட்டிலேயே சோதித்து ஆணா பெண்ணா எனத் தேர்ந்து வைக்கும் நுட்பம் உலகில் உண்டு. 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2003 திருத்தம் அதனையும் குற்றமாக்கிற்று. 'புதல்வரை' மட்டும் வேண்டி இச்சிகிச்சைக்கு வருவோரும் இருக்கின்றனர் என்பதால் இதனைச் சொல்ல நேர்கிறது.

அறுபது நாள் விடுப்பில்

இம்முறைகளை விடுப்பு நாள்களோடு வைத்து ஒப்பிட்டால் நூல்கள் காட்டாத சில உண்மைகள் தோன்றுகின்றன. மனைவியிடம் குறை, கணவனிடம் இல்லை என்னும்போது மாத்திரை முறைக்கு இரண்டு சுழற்சிகள் கிட்டும். ஐ.யு.ஐ. முறையும் இரண்டு முறை செய்யலாம். ஆனால் புறப்படுமுன் கணவன் விந்தை உறையவைத்துச் சென்றால் அவர் இல்லாத திங்களிலும் தொடரலாம். உறைந்து உருகியபின் அணுக்களின் நீந்தும் திறன் ஓரளவு குறையும். எனவே ஒரு மாதிரிக்குப் பதிலாகச் சில மாதிரிகள் வைத்தல் நன்று. ஐ.வி.எஃப். முறையோ மூன்று வாரத்தில் கரு உருவாகும் கட்டத்தை எட்டிவிடும். கணவனின் நேர்வரவு முட்டை எடுக்கும் நாளில் மட்டுமே தேவை. கருக்களை உறையவைத்துவிட்டால், அவர் சென்றபின்னும் இருவர் ஒப்புதலின்படி மனைவியின் உடல்நிலை பார்த்து வைக்கலாம். மிகச் செலவுடைய முறையே விடுப்புக் கணக்குக்கு மிகவும் இணங்கிப் போகிறது. இதனாலேயே எளிய முறையில் பலிக்கத்தக்க இளந்தம்பதியரும் நேரே இதற்குத் தள்ளப்படுகின்றனர். முப்பதுக்குட்பட்ட பெண், திறந்த குழாய், இயல்பான விந்தணு என்றால், ஓராண்டு கணவன் ஊரில் தங்குவது ஐ.வி.எஃப். செலவைவிட மலிவாகவும் இருக்கலாம். ஊர் திரும்பிப் பிழைக்க வழியுள்ளோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கணவனிடம் குறை என்னும்போதுதான் விடுப்பு பெரிதும் வீணாகிறது. விந்தணு ஒன்று உருவாகி முதிர எழுபது நாள்களுக்கு மேலாகும். விடுப்பின் முதல் வாரத்தில் சோதனை செய்து இரண்டாம் வாரத்தில் மருந்து தொடங்கினால், அதன் பயன் தெரிவதற்குள் அவர் விமானம் ஏறிவிடுவார். வெரிகோசீல் எனப்படும் நரம்புப் புடைப்புக்கு அறுவை செய்தாலும் பயன் தெரிய மூன்று திங்களாவது வேண்டும். புகை, மது விடுதலும் அவ்வாறே. எனவே சோதனையை வேலை பார்க்கும் நாட்டிலேயே செய்துகொள்ளலாம். அங்குள்ள ஆய்வகங்களிலும் இதே சோதனை நடக்கிறது. அறிக்கையை மனைவியின் மருத்துவருக்கு அனுப்பி, மருந்து வேண்டுமெனில் அங்கேயே தொடங்கிவிடலாம். நோன்புப் பெருநாளுக்கோ பொங்கலுக்கோ ஊர் வரக் கருதியிருப்பவர், அதற்கு நான்கு திங்களுக்கு முன்பே இச்சோதனையை முடித்திருக்க வேண்டும்.